பாரிஸ், ரோம்: ஐந்து பேருக்கு ஹோட்டலா, அப்பார்ட்மென்ட்டா?

மூன்றுபெட்டி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஜூனில் ஐரோப்பா கிளம்புகிறோம். நான், கணவர், மாமியார், 9 வயதுப் பெண், 4 வயதுப் பையன். பாரிஸில் 4 இரவு, மிலானில் 1, ரோமில் 5.

ஹோட்டல் தேடும்போது ஐந்து பேர் என்று போட்டதுமே எல்லா இடத்திலும் ‘2 அறைகள்’ என்றுதான் வருகிறது. அந்த இரண்டும் ஒரே மாடியில் கிடைக்குமா என்பதற்கே உத்தரவாதம் இல்லையாம். அத்தைக்கு முட்டி வலி, ராத்திரியில் தனியாக விட மனசு வரவில்லை. கிட்டத்தட்ட அதே பணத்துக்கு அப்பார்ட்மென்ட்டில் இரண்டு படுக்கையறை, சமையலறை, வாஷிங் மெஷின் எல்லாம் காட்டுகிறது. “நம்ம வீட்டைப் பூட்டிட்டு இன்னொருத்தர் வீட்டைப் பெருக்கவா போறோம்?” என்கிறார் கணவர். (நம்ம வீட்டில் அவர் துடைப்பத்தைத் தொட்டதில்லை என்பது வேறு விஷயம்.)

வாடகைக் கணக்கு நானே போட்டுக்கொள்வேன். தங்கிப் பார்த்தவர்களுக்கு மட்டும் தெரிகிற விஷயங்களைச் சொல்லுங்கள்.

தெற்குஜன்னல் எழுதியது:

நாங்கள் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறோம், இரண்டு பிள்ளைகள். ஆறு வருஷமாக விடுமுறைக்கு விடுமுறை இரண்டு வகையிலும் தங்கி, இரண்டிலும் திட்டு வாங்கியிருக்கிறேன்.

முதலில் மிலான். ஒரு ராத்திரிக்கு அப்பார்ட்மென்ட் வேண்டவே வேண்டாம். துப்புரவுக் கட்டணம் ஒரு நாளுக்கும் ஏழு நாளுக்கும் ஒன்றுதான், ஒரே இரவு தங்கினால் அது முழுசாக அந்த ஒரு இரவின் தலையில் விழும். சாவி வாங்க ஒரு மணி நேரம், திருப்பிக் கொடுக்க அரை மணி நேரம். ஸ்டேஷன் பக்கத்தில் இரண்டு அறை போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

ரோம் 5 இரவு என்றால் கண்ணை மூடிக்கொண்டு அப்பார்ட்மென்ட். சமையலறைகூட இரண்டாம் பட்சம். படுக்கையறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு கதவு இருக்கிறது பாருங்கள், அதற்குத்தான் காசு. எங்கள் சின்னவனுக்கு மூன்று வயதாக இருந்தபோது ஒரே அறை ஹோட்டலில் தங்கினோம். எட்டு மணிக்கு விளக்கை அணைத்தால்தான் அவன் தூங்குவான். நானும் மனைவியும் குளியல் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டு, கிசுகிசுவென்று மறுநாள் திட்டம் போட்டோம். மூன்று ராத்திரி அப்படி.

ஆனால் ரோமில் ஒரு விஷயம் நினைவில் இருக்கட்டும்: கரண்ட். இத்தாலியில் பெரும்பாலான வீடுகளுக்கு 3 கிலோவாட் இணைப்புதான். இது தெரியாமல் போன அன்று ராத்திரி பத்து மணிக்கு ஏசி ஓடுகிறது, பெரியவள் வாந்தி எடுத்த துணி வாஷிங் மெஷினில் சுற்றுகிறது, பீட்சாவைச் சூடாக்க நான் மின்சார ஓவனைப் போட்டேன். டப். மொத்த வீடும் இருட்டு. வீட்டுக்குள் இருந்த சுவிட்சை எல்லாம் ஏற்றி இறக்கிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. மீட்டர் கீழே வாசல் நடையில், ஒரு இரும்புப் பெட்டிக்குள். வீட்டுக்காரர் போனை எடுக்கவில்லை. கீழ் வீட்டுப் பாட்டி நைட்டியோடு வந்து, பெட்டியைத் திறந்து, நெம்புகோலை மேலே தள்ளிவிட்டார். அப்புறம் என் முகத்துக்கு நேரே ஒரு விரலைக் காட்டினார், இரண்டாவது விரலை நீட்டித் தலையை ஆட்டினார். ஒன்று போடு, இரண்டு போடாதே! எனக்குத் தெரிந்த இத்தாலிய மொழி அவ்வளவுதான். போனவுடனே மீட்டர் எங்கே என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பாரிஸில்தான் உங்களுக்குச் சிக்கல், அத்தையின் முட்டியால். பழைய கல் கட்டடங்கள் பார்க்க அழகு. ‘லிஃப்ட் உண்டு’ என்று போட்டிருப்பார்கள். நாங்கள் தங்கியதில் இரண்டு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம், பெட்டி ஏறாது. அந்த லிஃப்ட்டைத் தொடுவதற்கே தெருவிலிருந்து படி ஏறணும். அதனால் ‘லிஃப்ட் இருக்கா’ என்று கேட்காதீர்கள். ‘தெருக்கதவிலிருந்து கட்டில் வரைக்கும் மொத்தம் எத்தனை படி?’ என்று கேளுங்கள். பதில் எண்ணாக வரணும். ‘கொஞ்சம்தான்’ என்று வந்தால் வேறு வீடு பாருங்கள்.

வீட்டை வாடகைக்கு விட அரசு தரும் பதிவு எண்ணையும் பாருங்கள். பாரிஸில் விளம்பரத்திலேயே அது இருக்கணும். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டை அங்கே வருஷத்துக்கு 90 நாள்தான் வாடகைக்கு விடலாம், 2025க்கு முன்பு 120 ஆக இருந்தது. இத்தாலியில் 2025 ஜனவரி முதல் அதே மாதிரி சிஐஎன் என்ற தேசியப் பதிவு எண் கட்டாயம். எண் இல்லாத வீட்டைப் போட்டு, கிளம்ப 12 நாள் இருக்கும்போது ‘மன்னிக்கவும், ரத்து’ என்று செய்தி வந்த அனுபவம் எனக்கு உண்டு. பணம் திரும்ப வந்தது. அந்த விலைக்கு வேறு வீடு வரவில்லை.

பால்கனிக்காரி எழுதியது:

மேலே சொன்னவர் ஆண் என்று படித்தவுடனே தெரிந்தது 🙂 சமையலறை இரண்டாம் பட்சமாம்!

அடுப்பு இருந்தால் அது என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும்ங்க. போன தடவை பாரிஸில் முதல் நாள் காலை ஐந்து மணிக்கே பிள்ளைகள் எழுந்து பால் கேட்டார்கள். கண்ணாடி அடுப்பில் எந்தப் பொத்தானும் வேலை செய்யவில்லை, பீப் பீப் என்று கத்துகிறது. சாவிப் படம் ஒன்று இருக்கும், அதைச் சில விநாடி விடாமல் அழுத்தினால்தான் பூட்டுத் திறக்கும் என்று கண்டுபிடிக்க இருபது நிமிஷம். பால் காய்ச்சினது நான், பாத்திரம் கழுவினது நான், கிளம்பும் அன்று குப்பையைப் பிரித்துக் கட்டினது நான். சூப்பர்மார்க்கெட்டில் ஓட்டை போட்ட பையோடு அப்படியே வேகவைக்கிற அரிசி கிடைக்கும், அதை வாங்கி ராத்திரி சோறு ஆக்கினதும் நான். யாருக்கு விடுமுறை? புக் பண்ணுவதற்கு முன்னாடியே யார் சமைப்பது என்று பேசி முடித்துவிடுங்கள், அக்கா.

இன்னொன்று, கடைசி நாள். அப்பார்ட்மென்ட்டில் காலை 10க்குக் காலி பண்ணணும். ஃப்ளைட் ராத்திரி 9க்கு. ஹோட்டல் என்றால் பெட்டியை ரிசப்ஷனில் விட்டுவிட்டுச் சுற்றலாம். வீடு என்றால் பெட்டியும் நாமும் தெருவில்தான். அந்த வீட்டு வாசல் கதவும் ஒரு தொல்லை: வெளிப்பக்கம் திருகுகிற பிடியே இல்லை. சாவியை உள்ளே வைத்துவிட்டு இழுத்துச் சாத்தினால் தீர்ந்தது கதை.

பாரிஸுக்கு அப்பார்ட்ஹோட்டல் பாருங்கள். அடாஜியோ, சிட்டடீன்ஸ் மாதிரி. சின்னச் சமையலறையும் உண்டு, கீழே ரிசப்ஷனில் ஆளும் உண்டு. தினமும் அறையைச் சுத்தம் பண்ண மாட்டார்கள், அது ஒன்றுதான் குறை. லிஃப்ட்டில் பெட்டி ஏறும்!

மூன்றுபெட்டி எழுதியது:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. பாரிஸில் பார்த்து வைத்திருந்த வீட்டுக்காரரிடம் படிக் கணக்கு கேட்டேன். ‘லிஃப்ட்டுக்கு முன்னால் 9, லிஃப்ட்டுக்கு அப்புறம் 14’ என்று நேர்மையாகச் சொன்னார். அத்தை அதைக் கேட்டு ‘நான் வரலை, நீங்க போயிட்டு வாங்க’ என்று தொடங்கிவிட்டார். அதனால் பாரிஸில் அப்பார்ட்ஹோட்டல், மிலானில் இரண்டு அறை, ரோமில் வீடு. ரோமில் காலை டிபன் கணவர் பொறுப்பு. இங்கே எழுதி வைத்துவிட்டேன், சாட்சி நீங்கள்.

ஒரு சந்தேகம். ரோம் வீட்டுக்காரர் எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் படம் எடுத்து இப்போதே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார். கொடுக்கலாமா?

தெற்குஜன்னல் எழுதியது:

விவரம் கேட்பது சரிதான். இத்தாலியில் ஹோட்டலோ வீடோ, தங்குகிறவர்கள் விவரத்தை வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸின் இணையதளத்தில் ஏற்றியாகணும். ஆனால் அது வந்து சேர்ந்த பிறகு, இன்றைக்கே அவசரம் இல்லை. ‘நேரில் வரும்போது காட்டுகிறோம்’ என்று நீங்கள் வீடு புக் பண்ணின தளத்தின் செய்திப் பெட்டியிலேயே எழுதுங்கள், வாட்ஸ்அப்பில் வேண்டாம்.

தங்குகிறவர்களிடம் வாங்கும் நகர வரியையும் அப்போதே கேட்டுவிடுங்கள். சில இடங்களில் ரொக்கமாகக் கேட்பார்கள். ரோமில் 10 வயதுக்குக் கீழே வரி கிடையாது, உங்கள் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் விலக்கு. பெண்ணுக்குப் பிறந்தநாள் ஜூனுக்கு முன்னாடி வராமல் இருந்தால்.

மூன்றுபெட்டி எழுதியது:

ஆகஸ்ட் 🙂