டைனமோவில் கேட்ட ‘ஹோட்டல் கலிபோர்னியா’

பழைய றொக் பாட்டு ஒன்றின் கிற்றாரை அச்சொட்டாக வாசிக்க முயன்றவர்களை எழுதச் சொன்னீர்கள். நான் முயன்றது அமெரிக்க றொக் குழுவான ஈகிள்ஸின் ‘ஹோட்டல் கலிபோர்னியா’.

அந்தக் கசெற் எங்கள் வீட்டுக்கு வந்தது 1989இல். கொழும்பில் வேலை செய்த பெரியம்மாவின் மகன் பதிந்து கொண்டுவந்தார். அடுத்த வருடம் ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியது. கரண்ட் போனது. பற்றறிக்கும் தடை. யாழ்ப்பாணம் கொக்குவிலில் எங்கள் முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றித்தான் பாட்டுக் கேட்டோம். 6 வோல்ட், 3 வாட் டைனமோ. அது தருவது மாறுமின்னோட்டம் என்பதால் நடுவில் டயோட்டும் கொண்டென்சரும் வைத்துக் கட்டியிருந்தோம். நாலு பற்றறி போடும் ரேப்புக்கு அது போதும். சுற்றுவது மாமா, கேட்டு வாசிப்பது நான். மாமாவுக்குக் கை நோக நோகப் பாட்டும் இழுபடும். ஒரு துண்டைத் திரும்பக் கேட்க வேண்டுமென்றால் முகத்தைப் பார்த்துத்தான் கேட்பேன். ஒருநாளும் மறுத்ததில்லை.

மேல் கம்பி அறுந்தபோது தங்கூசி (மீன்பிடி நைலோன் நூல்) போட்டு வாசித்தேன். அக்காவின் சுருதிப்பெட்டிதான் கிற்றாரைச் சுருதி சேர்க்க இருந்த ஒரே வழி. அப்படி வைத்துப் பிடித்த கோட்ஸ் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்) இவை: ஏ மைனர், ஈ செவன், ஜி, டி, எஃப், சி, டி மைனர், திரும்ப ஈ செவன். எட்டுக் கோட்ஸும் ரேப்போடு வடிவாகப் பொருந்தின. பாட்டே ஏ மைனரில்தான் என்று நம்பிவிட்டேன்.

1995 ஒக்டோபர் 30 இரவு ஊரோடு இடம்பெயர்ந்து எங்கள் வலிகாமப் பகுதியை விட்டு வெளிக்கிட்டபோது கிற்றாரும் கசெற்றும் வீட்டோடு நின்றன. திரும்பி வந்தபோது இரண்டும் இல்லை.

சில வருடங்கள் கழித்துத்தான் சீடியில் ஒழுங்காகக் கேட்டேன். கூடவே வாசிக்கப் போனால் எந்தக் கோட்டும் ஒட்டவில்லை. உண்மையான பாட்டு பி மைனரில், இரண்டு அரைச்சுரம் மேலே. மோட்டருக்கு வோல்ட் குறைந்து ரேப் நூற்றுக்குப் பத்துப் பதினொரு பங்கு மெதுவாக ஓடியிருக்கிறது. ஆறரை நிமிடப் பாட்டை நாங்கள் ஏழே கால் நிமிடம் கேட்டிருக்கிறோம்.

சரி, பி மைனர் என்று தெரிந்துவிட்டது, கிற்றார்க் கழுத்தின் இரண்டாம் கட்டில் ஒரு விரலைக் கம்பிகளுக்குக் குறுக்கே படுக்க வைத்து (பாரே) வாசித்தேன். சுரம் சரி, ஒலி சரியில்லை. அவர்களுடையது மணி போல ஒலிக்கிறது, என்னுடையது தடித்துக் கிடந்தது. காரணம் பிடிபட நெடுங்காலம் ஆனது. அந்த மெட்டை உருவாக்கிய ஈகிள்ஸ் கிற்றார்காரர் டொன் ஃபெல்டர் முதலில் அதை ஈ மைனரில்தான் பதிந்திருந்தார். பாடிய டொன் ஹென்லிக்கு அது மிக உயரம். ஆகவே பி மைனருக்கு மாற்றி, ஏழாம் கட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் அழுத்தும் கவ்வி) போட்டு, பன்னிரண்டு கம்பிக் கிற்றாரில் பழைய ஈ மைனர் பிடியையே வாசித்திருக்கிறார். கம்பி குறுகி, திறந்த கம்பிகளும் சேர்ந்து ஒலிப்பதால்தான் அந்த மினுக்கம். கேப்போவை ஏழில் போட்டு ஈ மைனர், பி செவன், டி, ஏ, சி, ஜி, ஏ மைனர், பி செவன் என்று ஒருமுறை பிடித்துப் பாருங்கள், விளங்கும்.

என்னிடம் பன்னிரண்டு கம்பிக் கிற்றார் இல்லை. அதன் கம்பி செற் ஒன்றை மட்டும் கொழும்பிலிருந்து எடுப்பித்து, அதிலுள்ள மெல்லிய கம்பிகளை மகனின் கிற்றாரில் தடித்த நான்கு கம்பிகளுக்குப் பதிலாக மாட்டினேன். அவை ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும். இரண்டு கிற்றாரிலும் ஏழில் கேப்போ போட்டு ஒன்றாக வாசித்தால் பன்னிரண்டு கம்பியின் ஒலி ஏறக்குறைய வந்துவிடுகிறது. இருவரின் வலக்கையும் ஒரே நேரத்தில் விழ வேண்டும், அதற்கே எங்களுக்கு ஒரு மாதம்.

*

மானிப்பாயிலிருந்து எழுதுகிறேன். நானும் தம்பியும் அதே பாட்டின் கடைசிக் கிற்றார்ப் பகுதி மட்டும் முயன்றோம். ஃபெல்டர் தொடங்க, குழுவின் இன்னொரு கிற்றார்காரர் ஜோ வோல்ஷ் பதில் சொல்ல, மாறி மாறிப் போய், முடிவில் இருவரும் சேர்ந்து வாசிப்பார்கள். அந்த இடம் மிகக் கடினம் என்று பயந்திருந்தோம். உற்றுக் கேட்டால், இருவரும் அந்தந்தக் கோட்டின் மூன்று சுரங்களைத்தான் உடைத்து வாசிக்கிறார்கள், ஒருவர் மற்றவரை விட ஒரு சுரம் தள்ளித் தொடங்குகிறார். தம்பி முழுவதும் பாடமாக்கும்வரை என் பகுதியை நான் அவனுக்குக் கேட்க விடவில்லை, கேட்டால் குழம்புவான். இதைப் பதிந்தபோது ஃபெல்டரே தன் பழைய ரேப்பில் வாசித்ததை மறந்திருந்தார். ஹென்லிக்கோ அதேதான் வேண்டும். ஃபெல்டர் மயாமி ஸ்டூடியோவிலிருந்து கலிபோர்னியாவில் தன் வீட்டு வேலை பார்க்கும் பெண்ணுக்குப் போன் எடுத்து, கசெற்றைப் போடச் சொல்லி, போன் வழியே கேட்டுத் திரும்பப் பழகினாராம். எங்களைப் போல அவரும் கசெற்றைக் கேட்டுத்தான்!

*

மானிப்பாய்க்காரருக்கு நன்றி. நாங்கள் இன்னும் அந்த முடிவுக்கு வரவில்லை, முதல் நான்கு நிமிடம்தான். அதைப் போன மாதம் மாமாவுக்கு வாசித்துக் காட்டினோம். விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். வேகம், சுருதி, கேப்போ எல்லாம் சீடியில் உள்ளபடியே. முடித்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

“வடிவா இருக்கு மருமோன். ஆனா கொஞ்சம் வேகமா ஓடுது போல கிடக்கு. நான் சுத்தேக்க இப்பிடி இல்லை.”

இரண்டு கிற்றாரிலும் கேப்போவை ஏழிலிருந்து ஐந்துக்கு இறக்கி, அந்த ஏழே கால் நிமிடக் கணக்கில், மெதுவாக இன்னொரு தடவை வாசித்தோம்.