ஒலியைச் சிறுகச் சிறுகத் தணிக்கும் ஸ்கிரிப்ட்: கிரானில் ஓடவில்லை, கையால் ஓட்டினாலும் சீராகக் குறையவில்லை

கேள்வி

வணக்கம். உபுண்டு 24.04 இயங்குதளம் நிறுவிய எங்கள் வீட்டுக் கணினியில், இரவு 9.30 மணிக்கு அம்மாவுக்காக வீணைக் கச்சேரிப் பதிவுகளை எம்பிவி இயக்கியில் ஓடவிடுவது வழக்கம். அவர் உறங்கிய பிறகு யாராவது எழுந்து சென்று நிறுத்த வேண்டியிருப்பதால், 10 மணிக்குத் தொடங்கி 10.30-க்குள் ஒலியை மெல்லத் தணித்து, இறுதியில் பாட்டை நிறுத்தும் ஒரு பாஷ் ஸ்கிரிப்டை (கட்டளைகளை வரிசையாக இயக்கும் சிறு நிரல்) எழுதியுள்ளேன். கணினியின் ஒலியளவை மாற்றும் பேக்டிஎல் கட்டளையின் மூலம் 45 விநாடிக்கு ஒரு முறை ஒரு சதவீதம் குறைப்பதுதான் அதன் வேலை. தொடக்க அளவு 40 சதவீதம் என்பதால் 40 சுற்றுகளில் அரை மணி நேரம் சரியாக முடிகிறது.

சிக்கல்கள் இரண்டு. கிரான்டேபில் (குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானே இயக்கும் கிரான் சேவையின் பட்டியல்) சேர்த்தால் எதுவுமே நடப்பதில்லை. அதே ஸ்கிரிப்டை டெர்மினலில் கையால் இயக்கினால் ஓடுகிறது. அவ்வாறு ஓடும்போதும், முதல் பத்து நிமிடம் குறைவதே தெரியவில்லை. பிறகு ஒவ்வொரு படியும் திடுக்கெனக் காதில் விழுகிறது. கடைசி ஏழெட்டு நிமிடம் எதுவும் கேட்பதில்லை. விநாடிகளை மாற்றிப் பார்த்தும் இந்தத் தன்மை மாறவில்லை. வழி கூற வேண்டுகிறேன்.

மறுமொழி 1

முதலில் கிரானைப் பார்ப்போம். கிரான் தன் பிழைச் செய்திகளை மின்னஞ்சலாக அனுப்ப முயலும். வீட்டுக் கணினியில் அஞ்சல் சேவை இராது என்பதால் அவை எங்கும் தென்படாமல் போகும். கிரான்டேப் வரியின் இறுதியில், வெளியீடும் பிழையும் ஒரு கோப்பில் எழுதப்படுமாறு திருப்பிவிட்டு, அதில் என்ன வருகிறது என்று சொல்லுங்கள். இணைப்பு மறுக்கப்பட்டது என்னும் பொருளில் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்றுதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது சிக்கலுக்குக் காரணம் உங்கள் நிரலில் இல்லை, சதவீதம் என்னும் அளவிலேயே இருக்கிறது. கணினியின் ஒலிச் சேவையான பல்ஸ் ஆடியோவும், உங்கள் பதிப்பில் அதன் இடத்தில் இயங்கும் பைப்வயரும், நாம் தரும் எண்ணின் கனத்தையே (மூன்றாம் அடுக்கையே) ஒலியலையின் வீச்சாக எடுத்துக்கொள்கின்றன. 0.4-இன் கனம் 0.064. பேக்டிஎல் பட்டியலைப் பார்த்தால் 40 சதவீதத்துக்கு நேராக மைனஸ் 23.88 டெசிபல் (முழு ஒலியிலிருந்து எவ்வளவு தாழ்வு என்பதை விகிதமாகச் சொல்லும் அலகு) என்று காட்டும். 20 சதவீதம் ஏறத்தாழ மைனஸ் 42 டெசிபல்; 10 சதவீதம் மைனஸ் 60. ஆகவே 40-இலிருந்து 39-க்கு இறங்கும்போது குறைவது முக்கால் டெசிபலுக்கும் கீழே. 5-இலிருந்து 4-க்கு இறங்கும்போது ஏறத்தாழ 6 டெசிபல். 2-இலிருந்து 1-க்கு வரும்போது 18 டெசிபல். சாதாரண ஒலிபெருக்கியில் 10 சதவீதத்துக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றும் கேட்காது. உங்கள் கணக்கில் அந்த இடம் இருபத்திரண்டரை நிமிடத்தில் வந்துவிடுகிறது, எஞ்சிய ஏழரை நிமிடம் மௌனம்.

காது கழித்தலைக் கேட்பதில்லை, விகிதத்தைத்தான் கேட்கிறது. எனவே சதவீதத்துக்குப் பதிலாக டெசிபலைத் தாருங்கள். பேக்டிஎல் அதையும் ஏற்கும். சதவீதமாகத் தந்தால் கழிக்கும், டெசிபலாகத் தந்தால் அதற்குரிய விகிதத்தால் பெருக்கும். மைனஸ் 24-இலிருந்து மைனஸ் 60 வரை 36 டெசிபல் இறங்க வேண்டும். 10 விநாடிக்கு 0.2 டெசிபல் வீதம் 180 சுற்றுகள் ஓட்டினால் அரை மணி நேரத்தில் அது முடியும். 0.2 டெசிபல் மாற்றத்தைப் பாட்டின் நடுவே பிரித்தறிவது மிகக் கடினம்.

கேட்டவர்

மிக்க நன்றி. பிழைக் கோப்பில் நீங்கள் சொன்ன அதே செய்திதான் வந்திருக்கிறது. டெசிபல் முறையில் கையால் ஓட்டியபோது இறக்கம் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீராக இருந்தது. ஆனால் புதிய தொல்லை ஒன்று: மறுநாள் காலை அண்ணன் காணொளி அழைப்பில் வந்தபோது கணினியில் குரலே கேட்கவில்லை, ஏனெனில் ஒலியளவு இரவு விட்ட இடத்திலேயே நின்றிருந்தது.

மறுமொழி 2

கணினியின் மொத்த ஒலியளவைக் குறைத்தால் அப்படித்தான் ஆகும். அது ஒரு விளக்கை அணைக்க மெயின் சுவிட்சைத் தொடுவது போன்றது. எம்பிவியின் ஒலியோடையை மட்டும் பேக்டிஎல் வழியாகக் குறைக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அந்த ஓடையின் எண் ஒவ்வொரு முறையும் மாறும். வேறு சாம்ப்ளிங் வீதத்தில் (நொடிக்கு எத்தனை ஒலி மாதிரிகள் என்ற அளவில்) பதிவான கோப்பு வந்தால் பாட்டின் நடுவிலேயேகூட மாறக்கூடும். போதாததற்கு, பைப்வயரின் துணைச் சேவையான வயர்பிளம்பர் அந்தச் செயலியின் கடைசி ஒலியளவை நினைவில் வைத்துக்கொண்டு மறுநாளும் அதே முணுமுணுப்பில் தொடங்கிவைக்கும்.

எம்பிவிக்கே ஒலியளவு உண்டு. அதைத் தொடங்கும்போது ஐபிசி சர்வர் விருப்பத்தில் ஒரு சாக்கெட் கோப்பின் (மற்ற நிரல்கள் எம்பிவிக்குக் கட்டளை அனுப்பும் வாயில்) பெயரைக் கொடுத்துவிடுங்கள். பிறகு ஸ்கிரிப்டிலிருந்து சோகேட் கருவியின் வழியாக அந்தக் கோப்புக்கு ஒரு வரி அனுப்பினால் போதும். 'மல்டிப்ளை' என்ற கட்டளையே அதில் இருக்கிறது. வால்யூம் என்னும் பண்பை 0.99235-ஆல் பெருக்கச் சொல்லுங்கள். எம்பிவியும் கன முறையையே பின்பற்றுவதால் அந்தப் பெருக்கம் சரியாக 0.2 டெசிபல் இறக்கம். 180 முறை பெருக்கினால் 100 என்பது 25 ஆகும், அதாவது 36 டெசிபல். இறுதியில் 'குவிட்' அனுப்பிவிடுங்கள். எம்பிவி தன் ஒலியளவைச் சேமித்து வைப்பதில்லை என்பதால் அடுத்த நாள் 100-இலேயே தொடங்கும். அண்ணன் குரலும் கேட்கும். பாஷுக்குத் தசமக் கணக்குத் தெரியாது என்ற சங்கடமும் இதில் இல்லை, பெருக்கலை எம்பிவியே செய்துகொள்கிறது.

இன்னொரு நன்மை: சாக்கெட் என்பது வெறும் கோப்பு என்பதால், கிரானிலிருந்து அதற்கு எழுத எந்தத் தடையும் இராது. பேக்டிஎல் தோற்றதன் காரணம், ஒலிச் சேவையின் இருப்பிடத்தைச் சொல்லும் எக்ஸ்டிஜி ரன்டைம் டிர் என்ற சூழல் மாறி கிரானுக்குள் இல்லாததுதான்.

மறுமொழி 3

மேக் கணினியில் இதையே விரும்புவோருக்கு ஒரு குறிப்பு. ஓஎஸ்ஏஸ்கிரிப்ட் கட்டளையில் 0 முதல் 100 வரை முழு எண்ணாகத் தர வேண்டும். விண்டோஸில் நிர்கமாண்ட் என்ற சிறு கருவி 65535 வரை எண்களை ஏற்பதால் படிகளை நுணுக்கமாக்கலாம்.

கேட்டவர்

மல்டிப்ளை முறை கிரானிலேயே ஓடிவிட்டது. இனி இதையே தலைகீழாக்கி, காலை 5.30-க்குத் தாழ்ந்த ஒலியில் தொடங்கி அரை மணி நேரத்தில் உயர்த்த விரும்புகிறேன். இப்போது எம்பிவியையே கிரான் தொடங்க வேண்டியிருப்பதால் பழைய சிக்கல் திரும்புமோ?

மறுமொழி 2

திரும்பும், பாட்டை ஒலிக்கச் செய்ய எம்பிவிக்கு ஒலிச் சேவை தேவை. அந்தச் சூழல் மாறியைக் கிரானில் கையால் எழுதிச் சமாளிக்கலாம் என்றாலும், காலை வேலைக்கு, சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் பயனர் டைமரே (நேரம் குறித்து வேலையைத் தொடங்கும் வசதி) பொருத்தம், ஏனெனில் அது உங்கள் அமர்வுக்குள்ளேயே இயங்குகிறது. நீங்கள் கணினியில் உள்நுழைந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் மறவாதீர்கள். டைமரில் பெர்சிஸ்டன்ட் விருப்பத்தை இயக்காதீர்கள். இயக்கினால், கணினியைப் பதினொரு மணிக்குத் திறந்தாலும் பள்ளியெழுச்சி தொடங்கிவிடும்.

எம்பிவியை 25 ஒலியளவில் பின்னணியில் தொடங்கி, சாக்கெட் உருவாக இரண்டு விநாடி பொறுத்து, 10 விநாடிக்கு ஒரு முறை 1.0077-ஆல் பெருக்குங்கள். சுற்றுகளை 180-இல் நிறுத்துவது கட்டாயம். எம்பிவி 130 வரை ஏற்கும், 100-ஐத் தாண்டினால் ஒலி கரகரக்கக்கூடும். ஸ்கிரிப்டின் கடைசி வரியாக 'வெயிட்' என்று எழுதுங்கள். அது இல்லாவிட்டால், ஸ்கிரிப்ட் முடிந்ததும் சிஸ்டம்டி அதன் பின்னணியில் ஓடும் எம்பிவியையும் சேர்த்து நிறுத்திவிடும். ஒலி முழு அளவை எட்டிய அந்த நொடியிலேயே பாட்டு நின்றுபோகும்.