வேட்டைப் பயணத்துக்கு ஃபேட் டயர் இ-பைக்: எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

மலையோரம் (கேள்வி)

நண்பர்களுக்கு வணக்கம். வரும் அக்டோபரில் ராக்கி மலைப் பகுதியிலுள்ள ஒரு தேசிய வனத்தில் மியூல் மான் (நீண்ட காதுள்ள ஒரு வட அமெரிக்க மான்) வேட்டைக்கு எனக்கு உரிமம் கிடைத்திருக்கிறது. எங்கள் முகாம் மலைமுகட்டில் இருக்கும். மான்கள் மேயும் பள்ளத்தாக்கு, அங்கிருந்து 14 கிலோமீட்டர் தொலைவில், ஏறத்தாழ 550 மீட்டர் கீழே இருக்கிறது. சென்ற ஆண்டு இதே வழியில் இறைச்சியை இரண்டு நடையாக முதுகில் சுமந்து ஏறியதில் என் இடது முழங்கால் ஒரு மாதம் வரை வீங்கியிருந்தது. அதனால்தான் இப்போது ஒரு ஃபேட் டயர் இ-பைக்கை (தடித்த டயர் கொண்ட மின்மோட்டார் சைக்கிளை) பத்து நாள் சோதனைக்காக எடுத்து வந்திருக்கிறேன். 48 வோல்ட், 15 ஆம்பியர்-மணி பேட்டரி. பின்சக்கரத்தில் 750 வாட் ஹப் மோட்டார். 4 அங்குல டயர். வண்டியின் எடை 34 கிலோ.

நேற்று சமதளமான தார்ச்சாலையில் 42 கிலோமீட்டர் ஓட்டினேன். திரும்பியபோது திரையில் 40 சதவீதம் மீதமிருந்தது. வேட்டைக்குப் போய்வர மொத்தம் 28 கிலோமீட்டர்தான் என்பதால் இது போதும் என்று தோன்றுகிறது. ஆனாலும் மனம் முழுதாக ஒப்பவில்லை. வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் நாளுக்குள் வேறு என்னென்ன சோதித்துப் பார்க்க வேண்டும்?

ஆரக்கம்பி

உங்கள் மனம் ஒப்பாததில் நியாயம் இருக்கிறது. நீங்கள் சோதித்தது போகும் பயணத்தை. வேட்டையில் வண்டிக்கு உண்மையான வேலை திரும்பும் பயணத்தில்தான் இருக்கிறது. உங்கள் வழி காலையில் வெறும் வண்டியோடு இறக்கமாகவும், இரவில் சுமையோடு ஏற்றமாகவும் அமைந்திருப்பதால், கணக்கைத் திரும்பி வருவதிலிருந்தே தொடங்க வேண்டும்.

பேட்டரியில் இருப்பது 48 × 15 = 720 வாட்-மணி மின்னாற்றல். உங்கள் எடை, வண்டி, பொருட்கள், எலும்பு நீக்கிய இறைச்சி எல்லாம் சேர்த்து 160 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதை 550 மீட்டர் உயரம் ஏற்றுவதற்கு மட்டுமே ஏறத்தாழ 240 வாட்-மணி வேண்டும். சரளைப் பாதையில் டயர் உருளும்போது ஏற்படும் உராய்வுக்கு 14 கிலோமீட்டரில் இன்னும் 120 சேரும். மோட்டாருக்குள் போகும் மின்சாரத்தில் கணிசமான பகுதி வெப்பமாக வீணாவதால், நீங்கள் பெடல் மிதிக்கவே முடியாத அளவுக்குக் களைத்திருந்தால் பேட்டரியிலிருந்து 500 வாட்-மணிக்கு மேல் எடுக்க நேரிடும். குளிரில் லித்தியம் பேட்டரியின் திறன் குறையும். ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டால் மீதி 576தான். காலையில் கீழே இறங்கும்போது செலவழித்ததையும் கழித்துப் பாருங்கள், கையில் ஒன்றும் மிஞ்சாது.

திரையிலுள்ள சதவீதத்தை நம்பாதீர்கள். 48 வோல்ட் பேட்டரி முழுதாக ஏறியிருக்கும்போது 54.6 வோல்ட் காட்டும். செங்குத்தான ஏற்றத்தில் மோட்டார் மின்னோட்டத்தை இழுக்கும்போது அது சட்டென்று கீழே இறங்கும். பேட்டரி பாதிக்குக் கீழே போய், குளிரும் சேர்ந்துகொண்டால், அந்த இறக்கமே பாதுகாப்பு மின்சுற்றைத் தூண்டி வண்டியை நிறுத்திவிடும். ஆகவே வோல்ட் அளவைக் காட்டும் திரைக்கு மாற்றிக்கொண்டு, சோதனையின் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் அதைக் குறித்து வையுங்கள்.

ஹப் மோட்டாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது சக்கரத்தோடு சேர்ந்துதான் சுழலும். வண்டி மணிக்கு ஏழெட்டுக் கிலோமீட்டருக்கு மெதுவாகிவிட்டால் மோட்டாரும் மெதுவாகி, வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகவே வெளியேறும். பெடல் அச்சில் பொருத்தப்படும் மிட் டிரைவ் மோட்டாரோ கியர் வழியாக இழுப்பதால், சின்ன கியரில் தன் வேகம் குறையாமல் ஏறிவிடும். செயினும் பற்சக்கரமும் சீக்கிரம் தேய்வது அதன் குறை. மலைக்கு அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

கானகவழி

சோதனைக்கு முன் ஒரு கேள்வி: அந்த 14 கிலோமீட்டரும் மோட்டார் வாகனங்களுக்குத் திறந்துவிடப்பட்ட பாதைதானா? அமெரிக்க வனச் சேவை இ-பைக்கை மோட்டார் வாகனமாகவே கருதுகிறது. 2022-இல் திருத்திய வழிகாட்டுதலிலும் அந்த நிலை மாறவில்லை. அந்த வனத்துக்கான மோட்டார் வாகனப் பயன்பாட்டு வரைபடத்தில் உங்கள் பாதை இருந்தால் மட்டுமே போகலாம். 1964-ஆம் ஆண்டுச் சட்டப்படி அறிவிக்கப்பட்ட வனாந்தரப் பகுதிகளில் சாதாரண சைக்கிளுக்கே இடமில்லை. நில மேலாண்மைப் பணியகம் என்ற வேறொரு அரசுத் துறையின் நிலங்களில் விதி வேறு. அங்கே அந்தந்த அலுவலகம் சில தடங்களை அனுமதிக்கலாம். தோட்டா ஏற்றிய துப்பாக்கியோடு வண்டியில் போவது பல மாநிலங்களில் குற்றம் என்பதால், உங்கள் மாநிலத்தின் வேட்டை விதிகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

விடியல்தடம்

நான் நான்கு பருவங்களாக இத்தகைய வண்டியில்தான் வேட்டைக்குப் போகிறேன். ஆரக்கம்பி ஐயா சொன்ன கணக்கை நேரில் சோதிக்க வழி மிக எளிது. பின்தட்டின் இருபுறமும் தண்ணீர்க் கேன்களைக் கட்டுங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதால் எடை துல்லியமாகத் தெரியும். பாதி ஏற்றத்தில் வண்டி நின்றுபோனால் தண்ணீரைக் கொட்டிவிட்டு வீடு திரும்பலாம்.

ஏற்றத்தை மட்டும் பார்க்காதீர்கள். என் முதல் பருவத்தில் இறைச்சிப் பையைப் பின் அச்சுக்குப் பின்னால் தொங்கும்படி கட்டிவிட்டேன். மேட்டில் முன்சக்கரம் தரையிலிருந்து எழும்பியது. பள்ளத்தில் வண்டியின் வால் பாம்பு போல நெளிந்தது. பாதி இறக்கத்தில் பிரேக் லீவர் கைப்பிடியைத் தொடும் அளவுக்குத் தளர்ந்துவிட்டது. கீழே நிறுத்தி ஒரு சொட்டுத் தண்ணீரை பிரேக் டிஸ்க் (பிரேக் பிடிக்கும் வட்டத் தகடு) மேல் விட்டேன். அது சுர்ரென்று ஆவியானது. அதன் பிறகு சுமையை அச்சுக்கு முன்னால், தாழ்வாகக் கட்டுகிறேன். 203 மில்லிமீட்டர் டிஸ்க்குக்கும் மாற்றிவிட்டேன்.

டயர் காற்றையும் சுமையோடுதான் முடிவு செய்ய வேண்டும். வெறும் வண்டிக்கு 8 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) மெத்தென்று இருக்கும். சுமை ஏறியதும் அதே காற்றில் கல் தட்டினால் ரிம் அடிபடும். கெட்டியான தரையில் டயர்க் கட்டைகள் ரீங்கரிப்பதை நண்பர் ஒருவரை 100 மீட்டர் தள்ளி நிற்கவைத்துக் கேட்கச் சொல்லுங்கள். மோட்டாரைவிட அந்த ஒலிதான் மானுக்கு முதலில் எட்டும் என்று நான் நினைக்கிறேன். நான் கடைசி ஒரு கிலோமீட்டரை எப்போதும் நடந்தே போகிறேன்.

மலையோரம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வரைபடத்தைப் பார்த்தேன். முதல் 11 கிலோமீட்டர் திறந்த பாதை. அதன்பின் ஒரு வாயிற்கதவு இருக்கிறது, அதற்கப்பால் நடைதான். பள்ளத்தாக்கின் கடைசி 3 கிலோமீட்டருக்கு என் முழங்காலைத்தான் நம்ப வேண்டும்.

இன்று விடியற்காலை 2 டிகிரி குளிரில், 32 லிட்டர் தண்ணீரைக் கட்டிக்கொண்டு, 6 கிலோமீட்டரில் 300 மீட்டர் ஏறும் ஒரு சரளைப் பாதையில் சோதித்தேன். புறப்படும்போது 54.4 வோல்ட். நான்காவது கிலோமீட்டரில் வேகம் மணிக்கு 7 கிலோமீட்டராகக் குறைந்தது. ஐந்தாவதில் மோட்டாரின் இழுவை தானாகவே தளர்ந்தது. இறங்கி ஹப்பின் மேல் கை வைத்தேன். ஒரு நொடிகூட வைத்திருக்க முடியவில்லை. பேட்டரியில் 48.9 வோல்ட் மீதமிருந்தும், கால் மணி நேரம் ஆறவைத்த பிறகுதான் மேலே போக முடிந்தது. எனக்கு முதலில் குறுக்கே நின்றது பேட்டரி அல்ல, மோட்டாரின் சூடுதான்.

இந்த வண்டியை நாளை திருப்பிக் கொடுத்துவிட்டு, மிட் டிரைவ் மோட்டார் கொண்ட ஒன்றை எடுத்து, இதே பாதையில் இதே 32 லிட்டரோடு ஓட்டிப் பார்க்கப் போகிறேன். ஆரக்கம்பி ஐயா, இரவில் கூடாரத்துக்குள் உறைநிலைக்குக் கீழே போனால் பேட்டரியை என்ன செய்வது?

ஆரக்கம்பி

நீங்கள் படுக்கும் தூக்கப்பையின் பக்கத்தில், கம்பளியில் சுற்றி வையுங்கள்; புறப்படும்போது கடைசியாக வண்டியில் மாட்டுங்கள். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்துவிட்ட பேட்டரியில் சார்ஜரைச் செருகவே கூடாது; உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல்கள் நிரந்தரமாகக் கெடும். கைக்குச் சில்லென்று படாத நிலைக்கு வந்த பிறகு சார்ஜ் ஏற்றுங்கள். புதிய வண்டியின் வோல்ட் குறிப்புகளையும் இங்கே எழுதுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.