உப்புவெளியில் இருந்துகொண்டு ஹவுஸ் டீஜே ஆவது எப்படி?

கேள்வி

வணக்கம். எனக்கு வயது 22. மே முதல் செப்டெம்பர் வரை உப்புவெளிக் கடற்கரை விடுதிகளிலும், மற்ற மாதங்களில் திருகோணமலைக் கலியாண மண்டபங்களிலும் பாட்டுப் போடுகிறேன். சீரான தாள அடியில் ஓடும் நடன இசையான ஹவுஸில் ரீமிக்ஸ் செய்பவனாக வளர விரும்புகிறேன். ஆனால் பழைய சினிமாப் பாட்டுக்குக் கிக் எனும் டிரம்மின் கனத்த அடியைச் சேர்த்தால், இரண்டு நிமிடத்திற்குள் தாளம் பாட்டை விட்டு விலகிவிடுகிறது. எங்கே பிழை விடுகிறேன்? இத்துறையில் பெயர் பெற்றவர்கள் எப்படித் தொடங்கினார்கள்?

பதில் 1

தம்பி, அந்தப் பாட்டுகளில் தபேலாவையும் டோலக்கையும் கலைஞர்கள் கையால் வாசித்தார்கள். சரணத்தில் வேகம் சற்றுக் கூடும், பல்லவிக்குத் திரும்பும்போது தணியும். ஹவுஸ் கிக்கோ நிமிடத்துக்கு 120 அடியை ஒட்டி அசையாமல் நிற்கும். ஆகவே முழுப் பாட்டுக்கும் ஒரே வேகத்தைக் கொடுக்காமல், நாலு அடி கொண்ட தாளச் சுற்றை ஓர் ஆவர்த்தனமாக எண்ணி, எட்டு ஆவர்த்தனத்துக்கு ஒருமுறை காதால் கேட்டு அடையாளம் வைத்து நேர்படுத்துங்கள். 120 வேகத்தில் அது 32 அடி, சரியாக 16 செக்கன். மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடைப் பாட்டை இப்போதைக்குத் தொடாதீர்கள். நான்கு நான்காக எண்ணும் சதுஸ்ரத்தில் கை பழகட்டும்.

பதில் 2

ஹவுஸ் இசையின் முன்னோடி டீஜேயான ஃபிராங்கி நக்கிள்ஸின் வாழ்க்கையைப் படியுங்கள். நியூயோர்க்கில் பிறந்த அவர், 1977இல் சிகாகோவின் வேர்ஹவுஸ் என்ற நடனக் கூடத்தில் பாட்டுப் போட வந்தார். ஹவுஸ் என்ற பெயரே அக்கூடத்திலிருந்து வந்தது என்பார்கள். டிஸ்கோ இசைத்தட்டுகளின் வரத்துக் குறைந்தபோது, இருக்கும் பாட்டுகளையே ஒலிநாடாவில் வெட்டி ஒட்டி, ஆடுபவர்கள் விரும்பிய பகுதியை நீட்டினார். பின்னர் தாளக் கருவியையும் சேர்த்தார். 1998இல் ரீமிக்ஸ் கலைஞருக்கான கிராமி விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர் அவரே. வேர்ஹவுஸில் தொடங்கி அதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. ஒவ்வோர் இரவும் கூட்டத்தின் கால்களைப் பார்த்துக் கற்றதுதான் அவருடைய படிப்பு என்று நான் உறுதியாக நம்புகிறேன். கலியாண மண்டபத்தைச் சிறிதாக எண்ண வேண்டாம். எந்த இடத்தில் பெரியம்மாமார் கதிரையை விட்டு எழும்புகிறார்கள் என்பதைக் குறித்து வையுங்கள்.

பதில் 3

வெளியிடுவதற்கு முன் பாட்டின் உரிமையாளரிடம் அனுமதி பெறுங்கள். உள்ளூர்ப் பாடகர் ஒருவரிடம் குரல் பதிவைத் தனியாகக் கேட்டு வாங்கித் தொடங்குவது நல்லது. கடற்கரையில் வாசித்து முடிந்ததும் மிக்ஸரை உலர்ந்த துணியால் துடைத்து மூடுங்கள். உப்புக் காற்றில், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர் கரகரக்கத் தொடங்கிவிடும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி, அண்ணா. நேற்றிரவு 16 செக்கனுக்கு ஒருமுறை அடையாளம் வைத்துப் பார்த்தேன். முதற் சரணம் முடியும்வரை கிக் விலகவில்லை. இரண்டாம் சரணத்தை இன்று செய்கிறேன்.