டிவிக்கு மினி பிசி: புது இன்டெல் என்100-ஆ, பழைய ஐ5 8500டி-யா?

வணக்கம் நண்பர்களே. ஹாலில் உள்ள 4கே டிவியில் 2014-ல் வாங்கிய லேப்டாப்பை மாட்டித்தான் படம் பார்க்கிறோம், அது இனி தாங்காது. ஐ5 நான்காம் தலைமுறை, 8 ஜிபி ராம். 4கே ஹெச்இவிசி (வீடியோவைச் சுருக்கும் ஒரு முறை) 10 பிட் கோப்பைப் போட்டால் ஒலி சரியாக ஓடுகிறது, படம் மட்டும் விக்கி விக்கி நகர்கிறது, சிபியு 100 சதவீதத்திலேயே நிற்கிறது. அந்தச் சிப்பில் ஹெச்இவிசி 10 பிட்டுக்கு வன்பொருள் டிகோடிங்கே (சுருக்கிய வீடியோவை விரிக்கச் சிப்பிலேயே உள்ள தனி வசதி) இல்லை என்பதால் விஎல்சி அமைப்புகளை மாற்றியும், லினக்ஸ் போட்டு கோடி (Kodi) என்ற மீடியா பிளேயரை நிறுவியும் பலனில்லை. பென்டிரைவை நேராக டிவியில் செருகினால் டிடிஎஸ் ஒலி உள்ள படங்கள் ஊமையாக ஓடுகின்றன. 1080பி-க்கு மாற்றிப் பார்த்தேன், ஒரு படத்துக்கே ராத்திரி முழுக்க ஆகிறது.

இடம் மதுரை. பெட்டி டிவி அலமாரிக்குள்தான் இருக்கும், சித்திரை வெயிலில் அந்த அலமாரி கொதிக்கும். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஓட வேண்டும். அப்புறம் வீட்டிலுள்ள மற்ற கருவிகளுக்குப் படங்களை அனுப்பும் ஜெல்லிஃபின் சர்வரும் இதிலேயே, அம்மா உள் அறையில் டேப்லெட்டில் பார்ப்பார், அதற்கு டிரான்ஸ்கோடிங் (ஓடும்போதே வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றுவது) வேண்டும். பட்ஜெட் 20,000 ரூபாய்.

இன்டெல் என்100 வெறும் 6 வாட் சிப், ஏவி1 (இன்னொரு புதிய வீடியோ சுருக்க முறை) டிகோடிங்கும் உண்டு. அலுவலகங்கள் கழித்துவிடும் ஐ5 8500டி பெட்டிகளில் ஆறு கோர் இருக்கிறது, ஆனால் 35 வாட், ஏவி1 கிடையாது. எனக்கு மனசு என்100 பக்கம்தான்.

மூடிய அலமாரியில் என்100 வைத்திருப்பவர்களே, டிவியில் 4கே ஓடும்போதே இன்னொரு அறைக்கு டிரான்ஸ்கோடிங்கும் நடந்தால் சூட்டில் தடுமாறாமல் தாங்குகிறதா?