குவோ பாவ் குன்னின் வாழ்க்கை பற்றி ஒரு கேள்வி

கேள்வி (சுங்கை சிப்புட் ஆசிரியை):
எங்கள் பழைய தோட்ட மண்டபத்தில் மேடையேற்றுவதற்காகத் தமிழும் மலாயும் சீனமும் கலந்த நாடகம் ஒன்றைத் தேடியபோது, சிங்கப்பூர் இயக்குநர் குவோ பாவ் குன்னின் பெயர் கண்ணில் பட்டது. நாடகக்காரரான அவரைச் சமூகச் சிந்தனையாளராகவும் மதிப்பது ஏன்? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
அக்கா, 1939இல் சீனாவில் பிறந்து, சிறுவயதில் சிங்கப்பூருக்கு வந்து, ஆஸ்திரேலியாவில் நாடகம் பயின்ற அவர், 1965இல் தம் மனைவியும் நடனக் கலைஞருமான கோ லே குவானுடன் கலைப்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 1976இல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கைதாகி, நான்கு ஆண்டுகளுக்கும் மேல் விசாரணையின்றிக் காவலில் இருந்தார். பறிக்கப்பட்ட குடியுரிமை 1992இல்தான் திரும்பக் கிடைத்தது. ஆனால் 1990இலேயே சிங்கப்பூர் அவருக்குக் கலாசாரப் பதக்கம் வழங்கிவிட்டது என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

மறுமொழி 2:
ஆசிரியை அவர்களுக்குப் பொருந்துவது, பூனையைத் தேடும் தாயைப் பற்றி அவர் 1988இல் மேடையேற்றிய நாடகம். ஹொக்கியன் என்ற சீன வட்டார மொழி பேசும் மூதாட்டியும் தமிழ் பேசும் முதியவரும் ஒருவர் மொழியை மற்றவர் அறியாமலேயே, சைகையாலும் குரலாலும் தத்தம் பூனையைப் பற்றிப் பகிர்ந்துகொள்கிறார்கள். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிய நம் பாட்டிமார் சீனர் மளிகைக் கடையில் பேசியதும் அப்படித்தானே! பிள்ளைகளின் மொழி மாறியதால் வீட்டிலேயே தனித்துப்போன முதியோரின் துயரத்தை அவர் மேடையில் வைத்தார். என்னைப் பொறுத்தவரை, அவருடைய சிந்தனையின் உச்சம் அதுவே.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. முறையாக அனுமதி பெற்று, அந்தக் காட்சியிலிருந்தே ஒத்திகையைத் தொடங்குகிறோம்.