கத்திரி வெயிலும் பட்டாம்பூச்சியும்: நம்ம வேலூர்ப் பக்கம் மூன்று பேர் கண்டவை

காட்பாடி

அக்கினி நட்சத்திரம் நடக்கும்போது பதினோரு மணிக்கு மேல் எங்கள் தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காது. ஆனால் காலையில் வெயில் ஏறுவதற்கு முன் பின்பக்கம் போய் நின்றால் பட்டாம்பூச்சி வராத நாளே இல்லை. அதற்குக் காரணம் பூச்செடி இல்லை. ஒரு கறிவேப்பிலை மரமும் ஒரு எலுமிச்சையும்தான்.

தண்ணீர் விட்டுத் துளிர் வந்துவிட்டால் போதும், எலுமிச்சைப் பட்டாம்பூச்சி எப்படியோ கண்டுபிடித்து வந்துவிடும். கறுப்புச் சிறகில் வெளிர்மஞ்சள் திட்டுகள், பின்சிறகில் செங்கல் நிறப் பொட்டு. படபடவென்று அடித்துக்கொண்டே இளந்துளிராகப் பார்த்து ஒவ்வொரு முட்டையாக வைக்கும். சின்னப் புழுவைப் பார்த்தால் குருவி எச்சம் என்றுதான் நினைப்பீர்கள். அந்த வேஷத்தில்தான் அது பிழைக்கிறது. வளர்ந்ததும் இலைப் பச்சையாகிவிடும். அப்போது ஈர்க்குச்சியால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் கவட்டை மாதிரி ஒரு கொம்பு நீளும், கூடவே ஒரு காட்டமான நெடி. எறும்பை விரட்ட அதற்கு இருக்கும் ஆயுதம் அதுதான்.

பக்கத்து வீட்டு அத்தை, "மரத்தையே மொட்டையடிச்சிடும், மருந்து அடிச்சிடும்மா" என்றார். தாளிப்பில் போடுகிற இலையில் மருந்தா? பெரிய மரம் புழு தின்று சாகாது, திரும்பத் துளிர்த்துவிடும். சின்னக் கன்றில் புழு இருந்தால்தான் சிரமம். அப்போது அந்த இலையோடு கிள்ளிப் பெரிய மரத்துக் கொப்பில் வைத்துவிடுகிறேன். இப்போது அத்தையும் அதையே செய்கிறார். கூட்டிலிருந்து ஒன்று வெளியே வந்து, சுருங்கிய சிறகு விரிந்து காயும்வரை தொங்கியதை நாங்கள் இருவரும் நின்று பார்த்தோம். அதற்குப் பிறகு மருந்துப் பேச்சே இல்லை.

ஆற்காடு

காட்பாடி அக்கா சொன்னது போல இலைதான் முக்கியம். எங்கள் பக்கம் பாலாற்றங்கரையில் அது எருக்கு. கோடையில் எல்லாம் காய்ந்து கிடக்க, எருக்கு மட்டும் பச்சையாக நிற்கும். விநாயகர் சதுர்த்திக்கு மாலை கட்டப் பூ தேடுகிறோமே, அதே செடிதான். மற்ற நாளில் அதை யாரும் மதிப்பதில்லை, அதுதான் வருத்தம். சுத்தம் செய்கிறோம் என்று ஜேசிபியை விட்டு முதலில் அதைத்தான் வாருகிறார்கள்.

இலையைத் திருப்பிப் பார்த்தால் வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சியின் புழு இருக்கும். வெள்ளையும் கறுப்பும் வரிவரியாக, நடுவே மஞ்சள் புள்ளிகள், உடம்பில் மூன்று ஜோடிக் கறுப்பு நீட்டங்கள். எருக்கம்பாலின் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் பெரும்பாலும் இதைத் தொடாது. இந்தப் பாதுகாப்பில் பங்கு கேட்டு வேறொரு இனத்தின் பெண் பட்டாம்பூச்சியும் அச்சு அசலாக வெந்தய வரியன் போலவே இருக்கும். அதன் புழு தின்பது பருப்புக்கீரை. ஆக, வெறும் களை என்று நாம் பிடுங்கி எறிகிற இரண்டு செடிகளில் இரண்டு இனங்கள் வாழ்கின்றன.

எங்கள் மனைக்குப் பக்கத்தில் வேலி ஓரத்து எருக்கை மட்டும் விட்டுவிடச் சொல்லிக் கேட்டேன். பாதி விட்டார்கள். சரி, அந்தப் பாதியாவது இருக்கிறதே.

கணியம்பாடி

அமிர்திக் காட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கோடையில் ஓடையில் தண்ணீர் வற்றினாலும் அங்கங்கே ஈரமணல் இருக்கும். அதில் பட்டாம்பூச்சிகள் கும்பலாக உட்கார்ந்து உறிஞ்சிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் ஆண்கள்தான். பூந்தேனில் கிடைக்காத உப்பை மண்ணிலிருந்து எடுக்கின்றன. பிள்ளைகள் கும்பலைக் கலைத்து விளையாடுவதைப் பார்க்கிறேன். பெரியவர்கள் அதே இடத்தில் சோப்பு போட்டுக் குளிக்கிறார்கள், அது இன்னும் மோசம்.

தென்மேற்குப் பருவமழைக்கு முன் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து நீலப்புலி வகைப் பட்டாம்பூச்சிகள் கிழக்கே சமவெளிக்கு வரும், வடகிழக்குப் பருவமழைக்கு முன் திரும்பிப் போகும். கிலுகிலுப்பைச் செடி இருந்தால் ஆண்கள் மொய்க்கும். காய்ந்த கிளையைக்கூட விடாது. ஓரமாக நான்கு செடி வளர விடுங்கள்.

2019-ல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்த தமிழ் மறவன் நம் தோட்டத்துக்கு வருமா என்று கேட்கிறார்கள். அது மேற்கு மலைக் காட்டில் வாழ்வது, இங்கே எதிர்பார்க்க வேண்டாம். வருகிறவற்றுக்கு, அகலமான மண் தட்டில் மணல் போட்டு ஒரு சிட்டிகை உப்பு கலந்து காலையில் நனைத்து வையுங்கள். நிழலில் வேண்டாம், காலை வெயில் படும் இடத்தில் வையுங்கள். தண்ணீர் தேங்காமல் ஈரம் மட்டும் இருந்தால் போதும்.